வேலி ஏறாத வயல்கள்: லாக்ஸ்டன் கிராமம் தப்பியது எப்படி?

நவம்பர் மாதக் கடைசி. குளிர்காலக் கோதுமை விதைத்து முடிந்து, மண்ணுக்கு மேலே பச்சை லேசாக எட்டிப்பார்க்கும் நேரம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் பகுதியில் இருக்கும் லாக்ஸ்டன் கிராமத்தில், ஊர் விவசாயிகளில் ஜூரியாகப் பதவிப் பிரமாணம் எடுத்தவர்கள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்புகிறார்கள். கையில் மரமுளைகளும் அவற்றை அடிக்கச் சுத்தியலும். அந்த ஊர் மண் கனத்த களிமண். நாலடி வைப்பதற்குள் பூட்ஸில் அப்பிக்கொள்ளும்.

அவர்கள் பார்ப்பது ஒன்றைத்தான். உழுதவர்களில் யாராவது தன் எல்லையைத் தாண்டி, வண்டிப்பாதையிலோ பொதுப் புல்தரையிலோ பக்கத்துக்காரர் துண்டிலோ ஒரு சால் கூடுதலாக ஓட்டிவிட்டாரா? வயலுக்குள் வேலி கிடையாது, வரப்பும் கிடையாது. ஒருவர் துண்டு முடிந்து அடுத்தவர் துண்டு தொடங்கும் இடம் உழவுசால்தான். அது ஒரு முழம் நகர்ந்தாலும் யாருக்கும் உடனே தெரியாது. வருஷத்துக்கு ஒரு முழம் என்று வைத்தால் பத்து வருஷத்தில் பாதை காணாமல் போய்விடும். அதனால் முளை தொலைந்த இடத்தில் புது முளை அடிக்கிறார்கள். யார் மீறினார் என்று குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஊரில் உள்ள டவ்கோட் இன் என்ற மதுக்கடையில் மேனர் நீதிமன்றம், அதாவது பழைய பிரபுப் பண்ணையின் நீதிமன்றம், கூடும். மீறியவருக்கு அபராதம் விழும்.

நடுக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் விவசாயம் செய்தன. இன்று திறந்த வயல் முறையும் அதை நடத்தும் நீதிமன்றமும் சேர்ந்து உயிரோடு இருக்கும் ஊர் என்று எடுத்துக்காட்ட லாக்ஸ்டன்தான் இருக்கிறது. மற்ற ஊர்களில் எல்லாம் இந்தத் திறந்த வயல்களைத் தனித்தனியாகப் பிரித்து வேலி ஏறியபோது இங்கே மட்டும் ஏன் ஏறவில்லை? என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: பிரபுக்களின் கருணையோ ஊர்ப் பழமையின் மேல் இருந்த பாசமோ காரணமில்லை. சொத்துரிமையில் விழுந்த ஒரு சிக்கலும், ஆண்டுதோறும் வயலுக்குப் போய்ப் பார்க்கும் அந்த ஜூரியும் சேர்ந்துதான் இந்த வயல்களைக் காப்பாற்றின.

முதலில் இரண்டு சொற்கள். பாரிஷ் என்பது சர்ச்சின் எல்லை. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்பார்களே, அதேதான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்குப் போவதும், 1601ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர் ஏழைகளுக்குச் சோறு போட வரி வசூலிப்பதும் இந்த எல்லைக்குள் நடந்தன. மேனர் என்பது பிரபுவின் பண்ணை எல்லை. அவருடைய சொந்தச் சாகுபடி, குத்தகைக்காரர்கள், தரிசு, காடு, ஆலை, நீதிமன்றம் எல்லாம் அதில் அடக்கம். ஒரு பாரிஷுக்குள் இரண்டு மூன்று மேனர் இருக்கலாம்; ஒரு மேனர் பல பாரிஷ்களில் சிதறியும் கிடக்கலாம். பழைய ஆவணம் தேடப் போகிறவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். சர்ச் பதிவேட்டில் ஞானஸ்நானமும் அடக்கமும் கிடைக்கும். நிலம் யார் கையில் இருந்தது என்று தெரிய மேனர் நீதிமன்றச் சுருளைத்தான் பார்க்க வேண்டும்.

லாக்ஸ்டனின் பெயர் 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே பதிவிலேயே, அதாவது அரசர் எடுத்த நாடு தழுவிய நிலக் கணக்கிலேயே, இருக்கிறது. பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முன் டோக்கி என்பவர் கையில் இருந்த மேனர், படையெடுப்புக்குப் பிறகு ஜெஃப்ரி அல்செலின் கைக்குப் போனது. 22 குடியானவர்கள், அவர்களுக்குக் கீழே 7 சிறுகுடிகள், 5 அடிமை ஆண்கள், ஒரு அடிமைப் பெண், 40 ஏக்கர் புல்வெளி என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். மதிப்பு முன்பு 9 பவுண்டு, இப்போது 6 பவுண்டு. அந்த அடிமைப் பெண்ணின் பெயரை யாரும் எழுதவில்லை. அப்புறம் டி காக்ஸ் குடும்பம், எவரிங்ஹாம் குடும்பம் என்று மேனர் கை மாறியது. ஊருக்கு வடக்கே உள்ள கோட்டைமேடு அந்தக் காலத்தது. செயின்ட் மைக்கேல் சர்ச்சில் எவரிங்ஹாம்களின் கல்லறைச் சிலைகள் கிடக்கின்றன. அவற்றில் ஒரு பெண்ணின் சிலை மட்டும் ஓக் மரத்தில் செதுக்கியது.

1620-களில் மேனர் ஒரு வியாபாரியின் கைக்கு வருகிறது. சர் வில்லியம் கோர்ட்டன். லண்டனின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். பார்படோஸ் தீவில் 1627இல் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். அரசர் முதலாம் சார்லஸுக்குக் கடன் கொடுத்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவின் மேற்குக் கரையில் வாணிபம் செய்ய 1635இல் அரசரிடம் உரிமம் வாங்கியவரும் இவரே. அதே 1635இல், தான் வாங்கிய லாக்ஸ்டனை அங்குலம் அங்குலமாக அளந்து தரச் சொல்லி மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை அனுப்பினார். அடுத்த வருஷமே கோர்ட்டன் இறந்துபோனார். அவர் விட்டுப்போன சொத்துகள் கடனில் மூழ்கின. ஆனால் அந்த வரைபடம் பிழைத்தது. இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அந்த வரைபடத்தின் படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஊர் நடுவில் தெரு. தெருவின் இருபுறமும் வீடுகள், வீட்டுக்குப் பின்னால் கொல்லை. சுற்றிலும் வயல்கள், வயலுக்குள் சீப்பின் பற்கள் போல நெருக்கமாகத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் உரியவரின் பெயர். நடுநடுவே குட்டிக் குட்டி உருவங்கள்: ஒருவன் ஏர் ஓட்டுகிறான், கதிர் அறுக்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள். கூடவே ஒரு பதிவேடு, நம்முடைய அடங்கல் மாதிரி: எந்தத் துண்டு, எந்த வயலில், யாருடையது, எத்தனை ஏக்கர், அதற்குக் கீழே எத்தனை ரூட், எத்தனை பெர்ச். ஒரே குடியானவனுக்கு நிலம் பத்து இருபது இடங்களில் சிதறிக் கிடக்கிறது. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, ஊருக்குப் பக்கத்தில் ஒன்று, எல்லையோரம் ஒன்று. நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் கலந்து வரும்.

துண்டுகள் நீளமாகவும் குறுகலாகவும் இருப்பதற்குக் காரணம் மாடுதான். கனத்த களிமண்ணில் எருதுகள் பூட்டிய ஏரை அடிக்கடி திருப்ப முடியாது. ஒரே மூச்சில் நேராகப் போய்த்தான் திரும்ப வேண்டும். மாடு மூச்சு வாங்காமல் இழுக்கும் நீளம் 220 கெஜம். அதுவே ‘ஃபர்லாங்’, அதாவது ஒரு சாலின் நீளம். அதை 22 கெஜ அகலத்தால் பெருக்கினால் ஒரு ஏக்கர். ஏறக்குறைய ஒரு நாள் உழவு. நாம் இன்றும் பத்திரத்தில் எழுதும் ஏக்கர் என்ற அளவு அங்கே இந்த எருதுகளின் கால் நடையிலிருந்து பிறந்தது.

சரி, வயல் எப்படி ஓடியது? மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள் இன்றும் இருக்கின்றன. முன்பு கிழக்கு வயலும் இருந்தது. பின்னாளில் அது வேலிக்குள் போய்விட்டது. ஒரு வருஷம் ஒரு வயல் முழுவதும் கோதுமை, அடுத்த வருஷம் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, பட்டாணி, அவரை போன்றவை, மூன்றாம் வருஷம் ஆறப்போடுவது. எந்த வயல் எந்த முறை என்பதில் தனியாள் முடிவுக்கு இடமில்லை. நீங்கள் உங்கள் துண்டில் கோதுமைக்குப் பதில் வேறொன்று விதைத்தால், ஊரே அறுவடை முடித்து மாட்டை அவிழ்த்துவிடும்போது உங்கள் பயிர் மட்டும் நின்றுகொண்டிருக்கும். மாடு அதைத்தான் முதலில் தின்னும். அறுத்த தாளில் எல்லோருடைய மாடும் ஆடும் மேய்ந்து, எல்லோருடைய நிலத்துக்கும் எரு போட்ட முறை அது. அதனால் விதைப்பதும் அறுப்பதும் நிலத்தைத் திறந்துவிடுவதும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டிய காரியங்கள். மீறி அலையும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்க ‘பிண்டர்’ என்று ஒரு ஆள் இருந்தார்.

உழ முடியாத சரிவுகளிலும் ஓடைக்கரையிலும் ‘சைக்’ என்ற புல்தரைகள் கிடக்கின்றன. இவை யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. ஒவ்வொரு கோடையிலும் அந்தப் புல்லை ஊர்க்காரர்களுக்குள் ஏலம் விட்டு, பணத்தைப் பங்கு வைப்பது வழக்கம். நூற்றாண்டுகளாக உழவோ ரசாயன உரமோ படாததால் அங்கே காட்டுப்பூக்கள் அடர்ந்து பூக்கின்றன. தாவர ஆய்வாளர்கள் லாக்ஸ்டனுக்கு வருவது பெரும்பாலும் இந்த ஓரப் புல்லுக்காகத்தான்.

இப்படி ஓடிய ஊர்கள் மற்ற இடங்களில் எப்படி மறைந்தன என்று பார்த்தால்தான் லாக்ஸ்டன் விளங்கும். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் அவற்றால் வேலிக்குள் போனது. நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். ஊரின் பெரிய நிலக்காரர்கள் மனு போடுவார்கள். சர்ச் கதவில் அறிவிப்பு ஒட்டுவார்கள். சம்மதம் கேட்பது உண்டு, ஆனால் தலைக்கணக்கில் இல்லை, நிலத்தின் மதிப்புக் கணக்கில். நாற்பது சிறுகுடிகள் வேண்டாம் என்றாலும், முக்கால்வாசி மதிப்பு இரண்டு பேர் கையில் இருந்தால் அந்த இரண்டு பேர் போதும். பிறகு கமிஷனர்கள் வந்து துண்டுகளை ஒன்று சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்குவார்கள். வேலி கட்டும் செலவு அவரவர் தலையில். நாலைந்து ஏக்கர் பெற்றவர் முள்வேலிக்கும் வக்கீலுக்கும் நில அளவைக்கும் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், கிடைத்த நிலத்தைப் பெரியவருக்கே விற்றுவிட்டுக் கூலிக்குப் போனார். நிலமே இல்லாதவர் நிலை இன்னும் மோசம். பொதுத்தரையில் ஒரு பசுவை மேய்த்து, சுள்ளி பொறுக்கிப் பிழைத்தவருக்குப் பத்திரம் ஏது? வழக்கத்தால் அனுபவித்தது உரிமையாகக் கணக்கில் வரவில்லை.

எல்லா ஊரும் பேசாமல் ஒப்புக்கொள்ளவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஆட்மூர் என்று 4,000 ஏக்கர் சதுப்பு மேய்ச்சல் நிலம். ஏழு ஊர்களுக்குப் பொது. 1815இல் அதை வேலியடைக்கச் சட்டம் வந்தது. 1830 செப்டம்பர் 6 அன்று சுமார் ஆயிரம் பேர் பகல் வெளிச்சத்தில் எல்லையைச் சுற்றி நடந்து, வழியில் இருந்த வேலிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். பிடிபட்ட நாற்பத்தொரு பேரைச் சிறைக்குக் கொண்டுபோன நேரம், ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் கைல்ஸ் திருவிழா. கூட்டம் படையைக் கல்லால் அடித்து அவர்களை விடுவித்துவிட்டது. ஆனாலும் கடைசியில் வேலிதான் நின்றது.

லாக்ஸ்டனில் கலவரம் நடந்து வயல் காப்பாற்றப்படவில்லை. 1640 வாக்கில் மேனரை வாங்கிய பியர்பாண்ட் குடும்பம், அதாவது கிங்ஸ்டன் பிரபுக்கள், ஊரின் பெரிய நிலக்காரர்கள். ஆனால் முழு ஊரும் அவர்களுடையது இல்லை. இன்னொரு பெரிய பங்கு ஸ்கார்பரோ பிரபுவின் குடும்பத்திடம். மிச்சம் பல சிறு சொந்தக்காரர்களிடம். துண்டுகள் வயல் முழுக்கப் பின்னிக் கிடந்தன. வேலியடைக்க வேண்டுமானால் இரண்டு பெரியவர்களும் யாருக்கு எது என்று ஒத்துப்போக வேண்டும். விளிம்புகளில் சில பகுதிகள் 18ஆம் நூற்றாண்டிலேயே உடன்பாட்டில் வேலிக்குள் போயின. நடுவயல்களில் அந்த உடன்பாடு வரவே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலமைகள் இளகியபோது, அமெரிக்கத் தானியம் குவிந்து கோதுமை விலை விழுந்துவிட்டது. கனத்த களிமண்ணில் வேலிக்கும் வடிகாலுக்கும் பணம் கொட்ட எந்த நிலக்காரருக்கும் அப்போது ஆசை வரவில்லை.

இதன் நடுவே ஒரு கிளைக்கதை. கிங்ஸ்டனின் கடைசி டியூக் 1773இல் இறந்தார். எஸ்டேட் வருமானம் ஆயுள் முழுக்க மனைவி எலிசபெத் சட்லிக்கு. அந்த அம்மாள் முதல் கணவர் உயிரோடிருக்கும்போதே டியூக்கை மணந்தார் என்று 1776இல் பிரபுக்கள் சபை விசாரித்துக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. அவர் ஐரோப்பாவுக்குப் போய், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை சுற்றி, 1788இல் பாரிஸில் இறந்தார். பிறகு சொத்து டியூக்கின் சகோதரி மகனுக்கு வந்தது. அவர்தான் 1806இல் முதல் மேன்வர்ஸ் பிரபு ஆனார். இத்தனை கூத்து மேலே நடந்தபோது கீழே லாக்ஸ்டனில் கோதுமை, பார்லி, ஆறப்போடல் என்று மூன்று வயல்களும் முறை மாறிக்கொண்டே இருந்தன. நிலத்தின் பட்டா ஒருவரிடம் இருக்கும். நிலத்தை நடத்துவது வேறொரு அமைப்பு. லாக்ஸ்டனில் இந்த இரண்டுக்கும் இடையில் இருந்த தூரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் இந்த ஊரை ஏழைகளின் சொர்க்கம் என்று எழுதினால் பொய்யாகும். 19ஆம் நூற்றாண்டு முழுக்க மேன்வர்ஸ் குடும்பம் சிறு சொந்தக்காரர்களின் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது. சொந்த நிலம் வைத்திருந்தவர்களின் பேரன்கள் குத்தகைக்காரர்கள் ஆனார்கள். 1900-களின் தொடக்கத்தில் எஸ்டேட் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து அகலமாக்கியது. பியர்ஸ் வரைந்த சீப்புப் பற்கள் அத்துடன் மறைந்தன. திறந்த வயலின் பரப்பும் சுருங்கி, இன்று சுமார் 480 ஏக்கர்தான் மிச்சம். ஏறக்குறைய 4,000 ஏக்கர் உள்ள பாரிஷில் இது எட்டில் ஒரு பங்கு. ஆக, இரண்டு சொந்தக்காரர்கள் ஒத்துப்போகாததால் தப்பிய வயல், 20ஆம் நூற்றாண்டில் ஒரே சொந்தக்காரர் கையில் இருந்ததால்தான் காக்கத் தக்கதாயிற்று. விற்க வேண்டி வந்தபோது மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைக்க முடிந்தது. சிதறிக் கிடந்திருந்தால் எப்போதோ வீட்டு மனைகளாகவும் தனித்தனி வயல்களாகவும் போயிருக்கும்.

ஒப்படைத்த ஆண்டு 1952. ஆக்ஸ்ஃபோர்டின் விவசாயப் பொருளாதார அறிஞர் சார்லஸ் ஆர்வின், போருக்கு முன்பே லாக்ஸ்டனின் அருமையை எடுத்துச் சொல்லிவந்தார். ஆறாவது மேன்வர்ஸ் பிரபு வயல்களை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். இதே அமைச்சகம்தான் கிரிச்செல் டவுன் என்ற இடத்தில் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அரசு எடுத்த 725 ஏக்கரைச் சொந்தக்காரருக்குத் திருப்பித் தர மறுத்து, 1954இல் அமைச்சர் ராஜினாமா செய்யும் அளவுக்குப் போனது. அரசு நிலக்காரராக இருப்பது எப்போதும் நல்லதும் இல்லை, எப்போதும் கெட்டதும் இல்லை. லாக்ஸ்டனில் நன்றாகவே நடந்தது. 1981இல் வயல்கள் அரச பதவிக்கு உரிய சொத்தை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறின. 2020இல் மறுபடியும் பியர்பாண்ட் வழியினரின் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே வந்து சேர்ந்தன.

நீதிமன்றத்தின் நிலைதான் இதைவிட வியப்பு. இங்கிலாந்தில் மிச்சமிருந்த பழைய லீட் நீதிமன்றங்களின் (மேனரில் கூடுபவை; லாக்ஸ்டனுடையதும் இந்த வகைதான்) சட்ட அதிகாரத்தை 1977ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டம் பறித்தது. பல ஊர்களில் அவை அங்கியும் விருந்துமாகச் சடங்காக மட்டும் கூடுகின்றன. லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு. அங்கே விதிக்கும் அபராதம் இன்றும் உண்மையான அபராதம். தொகை சிறியது, யாரையும் வருத்தாது. ஆனால் அதை விதிப்பவர்கள் நாளைக்கே பக்கத்துத் துண்டில் டிராக்டர் ஓட்டப்போகும் ஆட்கள். பெயர் சொல்லி, எந்த இடத்தில் எத்தனை அடி மீறினார் என்று எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். பவுண்டுக் கணக்கை விட அந்த ஒரு நிமிஷம்தான் உறைக்கும் என்று நினைக்கிறேன்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் வயலைப் பார்த்து ஏமாறுவது உண்டு. பெரிய திறந்த வெளி, அவ்வளவுதான் என்று தோன்றும். திரும்பி ஊரைப் பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் வேலியடைப்புக்குப் பிறகு விவசாயிகள் ஊரை விட்டு, ஒதுக்கப்பட்ட நிலத்தின் நடுவே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். லாக்ஸ்டனில் பண்ணை வீடுகள் இன்னும் தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன, பக்கச்சுவர் தெருவைப் பார்க்க. காலையில் எல்லோரும் ஒரே தெருவில் கிளம்பி, ஒரே வயலுக்குப் போகிறார்கள். 1635இல் பியர்ஸ் வரைந்ததும் அந்தத் தெருவைத்தான்.

இன்றைய சிக்கல் வேறு. அகலமான அறுவடை இயந்திரத்துக்கு இந்தத் துண்டுகள் இணைத்த பிறகும் குறுகல்தான். களிமண்ணில் விளைச்சலும் அள்ளிக் கொட்டாது. பண்ணைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஒரு குடும்பம் குத்தகையை விட்டால், பெரிய பண்ணை ஒன்று அதைச் சேர்த்துக்கொள்வதுதான் எங்கும் நடப்பது. இங்கே அப்படி நான்கு முறை நடந்தால் ஜூரிக்கு ஆள் இருக்காது. அதனால் லாக்ஸ்டனில் அடுத்த குத்தகை யாருக்கு என்ற கேள்வி, வயலுக்குள் உழுகிற ஆள் யார் என்பதோடு நவம்பரில் முளை அடிக்கக் கூட வரப்போவது யார் என்பதையும் சேர்த்தே கேட்கிறது.